சாம்பல் விழுந்த படகும் எழுபதாண்டு நடக்கும் விலங்கும்

1954-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி ஜப்பானில் வெளியான ‘கோஜிரா’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை உலகம் ‘காட்ஸில்லா’ என்று அறிந்திருக்கிறது. அந்த ஒரு படத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் கிளைத்திருக்கின்றன. இடையறாது நீண்டகாலம் தொடரும் திரைப்பட வரிசை என்று கின்னஸ் புத்தகம் இதைத்தான் பதிவு செய்திருக்கிறது. எழுபது ஆண்டுகளாக இது ஏன் நிலைத்திருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் அந்த விலங்கின் உருவமும் உறுமலும்தான் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அந்த விடை பாதிக்கு மேல் செல்லாது என்பது என் கருத்து. படத்தின் உயிர் விலங்கு வருவதற்கு முந்தைய பகுதியில், கடலுக்குப் போய்த் திரும்பாத படகுகளைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. பின்னால் வந்த படங்களில் எவை அந்தப் படகைப் பொருட்படுத்தினவோ அவையே மூலப்படத்துக்கு அருகில் நிற்கின்றன. 2024 மே மாதம் மண்டபத்தை அடுத்த ஒரு மீனவக் குடியிருப்பில் இந்தப் படத்தைத் திரையிட்ட இரவு எனக்கு இதைத் தெளிவாக்கியது. இந்த ஆய்வு அந்த இரவைச் சுற்றியே அமைகிறது.

இடமும் ஏற்பாடும்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறி நிற்க, பலகை மாற்றுவதும் வண்ணம் பூசுவதும் வலை சீர்செய்வதுமாகப் பகல் கழியும். மாலையில் ஆண்களுக்கு, ஆண்டின் மற்ற மாதங்களில் வாய்க்காத ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வை நம்பித்தான் தேதி குறிக்கப்பட்டது. சமுதாயக் கூடத்தின் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் படம் ஓட்டப்பட்டது. விசைப்படகுத் தொழிலாளர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் வந்தார்கள்; சங்கு குளித்துப் பழகிய முதியவர்கள் இருவரும், தீவுகளுக்குப் போய்ப் பாசி எடுக்கும் பெண்களும் வந்திருந்தார்கள். சிறுவர்களை எண்ணி மாளவில்லை.

படம் ஜப்பானிய மொழியில், ஆங்கில எழுத்துகளுடன் இருந்தது. ஆகவே நான் திரையின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜப்பானில் ஊமைப்படக் காலத்தில் இப்படி நின்று கதை சொல்பவர்களுக்கு ‘பென்ஷி’ என்று பெயர். நடிகர்களுக்கு நிகரான புகழ் அவர்களுக்கு இருந்தது. எனக்குப் புகழ் கிடைக்கவில்லை, தொண்டை மட்டும் கட்டியது. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை இருந்தது: எங்கே என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை என்பதை என்னால் நேரடியாகக் காண முடிந்தது.

விலங்குக்கு முன்

படம் அமைதியான கடலில் தொடங்குகிறது. ‘எய்கோ மாரு’ என்ற கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகள் ஓய்வாக அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் கிட்டார் வாசிக்கிறார், இன்னொருவர் ஹார்மோனிக்கா ஊதுகிறார். திடீரென்று கடல் வெளிச்சமாகிக் கொதிக்கிறது. கப்பல் தீப்பிடிக்கிறது. கம்பியில்லாத் தந்தி இயக்குபவர் தன் கருவியை விட்டு எழாமல் அபாயச் செய்தி அனுப்பிக்கொண்டே மடிகிறார். தேடப்போன ‘பிங்கோ மாரு’வும் அதே இடத்தில் அழிகிறது. தப்பியவர்களைத் தூக்கிவந்த ஓடோ தீவின் மீன்படகும் கரை சேரவில்லை. அதிலிருந்து ஒரே ஒருவன் கட்டுமரம் போன்ற மிதவையில் ஒதுங்குகிறான்.

அடுத்த காட்சியில், கப்பல் நிறுவனத்தின் அலுவலகத்தில் குடும்பத்தார் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள், பதில் தெரியாத அதிகாரி, இடைவிடாமல் ஒலிக்கும் தொலைபேசி. நான் வசனத்தைத் தமிழில் சொல்ல வாயெடுத்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண், “அதெத் தமிழ்ல சொல்ல வேணாம் சார், தெரியுது” என்றார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பாக்கு நீரிணையில் தொழிலுக்குப் போனவர்கள் நேரத்துக்குத் திரும்பாதபோது, மீன்வளத்துறை அலுவலக வாசலிலும் இறங்குதளத்திலும் நின்று பழகியவர்களுக்கு அந்தக் காட்சியின் எந்த அசைவும் புதிதாக இல்லை. நகரத்துத் திரைப்படச் சங்கங்களில் இதே படத்தை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அங்கே இந்தக் காட்சியின்போது ஆட்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள்.

பிறகு ஓடோ தீவு. பல நாட்களாக மீன்பாடு இல்லை. கோஜிராவின் வேலைதான் அது என்கிறார் ஒரு முதியவர். இளம்பெண்கள் அவரைக் கேலி செய்கிறார்கள். முற்காலத்தில் பாடு அற்றுப்போனால் ஒரு கன்னிப் பெண்ணை மிதவையில் ஏற்றிக் கடலுக்குக் கொடுத்ததாகவும், அந்தச் சடங்கின் எச்சமாக இப்போது முகமூடி ஆட்டம் மட்டும் நடப்பதாகவும் அவர் பின்னர் விளக்குகிறார். பின்னாலிருந்து ஒரு குரல், “பாடு இல்லேன்னா எதையாச்சும் நேந்துக்கத்தான செய்வாக” என்றது. சாமியாட்டம் பார்த்தவர்கள் அந்த முகமூடி ஆட்டத்தை விநோதமாகப் பார்க்கவில்லை. எப்போது முடியும் என்று கேட்கவும் இல்லை.

சிறுவர்கள் மட்டும் ஏமாந்துபோயிருந்தார்கள். 2021-இல் தமிழ்க் குரலிலும் வெளியான, குரங்கோடு இந்த விலங்கு மோதும் அமெரிக்கப் படத்தை அவர்கள் மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். படம் தொடங்கி இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியும் விலங்கின் தலை மலைமுகட்டுக்கு மேல் ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி என்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. இந்த ஆய்வில் அவர்களுடைய பொறுமையின்மையும் ஒரு சான்றுதான். படத்தின் செல்வாக்கு ஒரே ஓடையாக ஓடவில்லை. பிள்ளைகள் விளையாடும் பொம்மையாக ஒன்றும், பெரியவர்கள் இழவு காக்கும் நினைவாக மற்றொன்றுமாக அது பிரிந்து ஓடுகிறது. அறுபதுகளின் ஜப்பானியப் படங்கள் விலங்கைப் பிள்ளைகளின் காவலனாகவே மாற்றிவிட்டன.

நின்றுபோன இருபது நிமிடம்

நாடாளுமன்றக் குழுவில் விவாதம் நடக்கும் காட்சியில் புரொஜெக்டர் நின்றுபோனது. விலங்கு பற்றிய உண்மையை மக்களுக்கு அறிவித்தால் பீதி பரவும், வெளிநாட்டு உறவு கெடும், ஆகவே மறைக்க வேண்டும் என்கிறார் ஓர் உறுப்பினர். உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பெண் உறுப்பினர்கள் கூச்சலிடுகிறார்கள். அந்த இடத்தில் இருட்டானது. கருவி மறுபடி உயிர்பெற இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இடைவெளியில், படம் எங்கிருந்து பிறந்தது என்பதை அவர்களுக்குச் சொன்னேன். இப்போது யோசித்தால், கருவி பழுதாகாமல் இருந்திருந்தால் இந்த ஆய்வே இல்லை.

1954 மார்ச் 1 அன்று, பசிபிக் கடலில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. கணித்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெடித்து, 15 மெகாடன் ஆற்றலை அது எட்டியது. ஹிரோஷிமாக் குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ‘ஐந்தாம் அதிர்ஷ்ட நாகம்’ என்று பொருள்படும் ‘டாய்கோ ஃபுகுரியு மாரு’ என்ற மரப்படகு அப்போது 23 ஆட்களோடு சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியேதான் அது இருந்தது. விடியும் நேரத்தில் மேற்கே சூரியன் உதித்ததுபோல் வெளிச்சம் கண்டதாகப் படகில் இருந்தவர்கள் பின்னர் சொன்னார்கள். சில மணி நேரம் கழித்து வானத்திலிருந்து வெண்சாம்பல் கொட்டத் தொடங்கியது. குண்டு வெடிப்பில் பொடியாகி மேலெழுந்த பவளப்பாறைதான் கதிரியக்கத்தோடு அந்தச் சாம்பலாக இறங்கியது. அது என்னவென்று தெரியாமல், மேலே படப் படத் தூண்டிலை இழுத்து ஏற்றினார்கள்.

பவளப்பாறை என்ற சொல்லைக் கேட்டதும் சங்கு குளித்த பெரியவர் ஒருவர், “சுண்ணாம்பு மாதிரி இருந்திருக்கும்” என்றார். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பாறை வெட்டிய காலத்தைக் கண்டவர் அவர். இப்போது அதை எடுப்பது சட்டப்படி குற்றம். இன்னொருவர், “எல்லைக்கு வெளியதான நின்னாக? அப்பறம் என்ன?” என்று கேட்டார். கடலில் கோடு போடுபவர்கள் வேறு, கோட்டுக்கு அருகே தொழில் செய்பவர்கள் வேறு என்பதை இந்தக் கரையில் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 14-ஆம் தேதி அந்தப் படகு தன் சொந்தத் துறைமுகமான யைசுவுக்குத் திரும்பியது. இரண்டு நாளில் செய்தித்தாளில் விஷயம் வெளியானது. டோக்கியோவின் த்சுகிஜி சந்தைக்குப் போயிருந்த மீன் புதைக்கப்பட்டது. பிற படகுகளின் மீனிலும் கதிரியக்கம் கண்டறியப்பட்டு, நூற்றுக்கணக்கான டன் சூரை வீணாயிற்று. ‘அணுச் சூரை’ என்ற புதுச்சொல் பிறந்தது, மீன்கடைகள் வெறிச்சோடின. செப்டம்பர் 23-ஆம் தேதி படகின் கம்பியில்லாத் தந்தி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா 40 வயதில் இறந்தார். ஆறே வாரத்தில் படம் வெளியானது. முதல் காட்சியில், கருவியை விட்டு எழாமல் மடியும் அந்தத் தந்தி இயக்குபவரை அன்றைய ஜப்பானியப் பார்வையாளர்கள் கற்பனைப் பாத்திரமாக எடுத்துக்கொண்டிருக்க வழியில்லை. படத்தில் ரயில் பயணி ஒருத்தி, அணுச் சூரை, கதிரியக்க மழை, இப்போது கோஜிராவுமா என்று சலித்துக்கொள்கிறாள். நாகசாகியில் தப்பிப் பிழைத்துவந்த உடம்பு இது என்கிறாள்.

அணுச் சூரை பற்றிச் சொன்னபோதுதான் மீன் விற்கும் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். 2004 சுனாமியின்போது இலங்கை மறைத்து நின்றதால் இந்தப் பக்கத்துக் கரைகளில் உயிர்ச்சேதம் மிகக் குறைவு. ஆனால் கடலில் மிதந்த பிணங்களை மீன் தின்றிருக்கும் என்ற பேச்சு தமிழகம் முழுவதும் பரவி, வாரக்கணக்கில் மீன் வாங்க ஆள் இல்லை. “கூடைய எறக்கி வச்சா ஒருத்தரும் கிட்ட வரல. அழுகுனா கொட்டிட்டு வரணும், ஐஸ் காசும் போச்சு” என்றார் ஒருவர். யைசு துறைமுகத்தின் 1954 மார்ச் மாதத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஜப்பானில் அந்தக் கோபம் சந்தையிலிருந்து தெருவுக்கு வந்தது. டோக்கியோவின் சுகினாமி பகுதியில் இல்லத்தரசிகள் முன்னின்று தொடங்கிய கையெழுத்து இயக்கம், அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் மூன்று கோடியைத் தாண்டியது. நம் நாட்டிலும் இதன் அதிர்வு எட்டியிருந்தது: 1954 ஏப்ரல் 2 அன்று மக்களவையில் நேரு, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்திவைக்கும் உடன்பாடு வேண்டும் என்றார், 1962-இல் முதுமையைப் பொருட்படுத்தாமல் இராஜாஜி வாஷிங்டன் சென்று, சோதனைகளைக் கைவிடும்படி கென்னடியிடம் நேரில் கேட்டார்.

படம் எடுத்தவர்கள்

இவை எதுவும் தயாரிப்பாளர் தோமோயுகி தனாகாவின் முதல் திட்டத்தில் இருக்கவில்லை. இந்தோனேசியாவில் எடுக்கவிருந்த ஒரு படம் கைவிட்டுப்போக, விமானத்தில் திரும்பும் வழியில் கீழே கடலைப் பார்த்தபடி அவர் வேறொரு கதை யோசித்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. கொரில்லாவைக் குறிக்கும் ‘கோரிரா’வும் திமிங்கிலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’வும் சேர்ந்து ‘கோஜிரா’ ஆயின. இயக்குநர் இஷிரோ ஹோண்டா சீனாவில் படைவீரராக இருந்துவிட்டு, போர் முடிந்து ஊர் திரும்பும்போது அழிந்த ஹிரோஷிமா வழியாக வந்தவர். அந்தப் பயணத்தின் தடம் டோக்கியோ அழியும் காட்சிகளில் இருக்கிறது. எரியும் நகரத்தின் நடுவே பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, அப்பாவிடம் சீக்கிரம் போய்விடுவோம் என்று சொல்லும் தாயின் காட்சி வந்தபோது கூடத்தில் கைக்குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது.

தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பேற்ற எய்ஜி சுபுராயா, ஆளுக்கு விலங்குத் தோல் மாட்டி, சிறு அளவில் கட்டிய நகரத்தின் நடுவே நடக்கவிட்டார். அதைக் கண்டுபிடித்தவர்கள் சிறுவர்களே. “உள்ள ஆளு இருக்காரு சார்!” என்று ஒருவன் எழுந்து கத்தினான். அவன் நம்பிக்கை போய்விட்டதே என்று நான் வருந்தினேன். ஆனால் உள்ளே இருந்தவர் பெயர் ஹருவோ நகாஜிமா, அந்த உடுப்பு ஏறத்தாழ 100 கிலோ, விளக்கு வெப்பத்தில் அதற்குள் சில நிமிடங்களுக்கு மேல் நிற்க முடியாது, அப்படியிருந்தும் 1972 வரை அவர் அதைச் சுமந்தார் என்று சொன்னதும் சிறுவர்களின் மரியாதை விலங்கிலிருந்து ஆளுக்கு மாறியது. உறுமல் எந்த மிருகத்தினுடையது என்று கேட்டார்கள். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தின் கம்பியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துத் தேய்த்து, அந்த ஒலியை மெதுவாக்கி உண்டாக்கிய உறுமல் அது. மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தின் விளிம்பில் ஈரக் கையைத் தேய்த்து அதே ஒலியை வரவழைக்க முயன்றுகொண்டிருந்தார்கள்.

முடிவுக் காட்சியில் விஞ்ஞானி செரிசாவாவும் கப்பல் மீட்புத் தொழிலில் இருக்கும் இளைஞர் ஒகாடாவும் மூழ்குடுப்பு அணிந்து கடலடிக்கு இறங்குகிறார்கள். பிராணவாயுவை அழிக்கும் கருவியால் விலங்கு கரைகிறது. அதை யாரும் மறுபடி செய்யக் கூடாது என்று, தன் குறிப்புகளை முன்பே எரித்துவிட்ட செரிசாவா, ஒகாடாவை மேலே அனுப்பிவிட்டுத் தன்னுடைய கயிற்றை அறுத்துக்கொள்கிறார். இவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் ஒகாடாவை விரும்புகிறாள் என்பது கதை. இந்த இடத்தில் சங்கு குளித்த பெரியவர்கள் இருவரும் தங்களுக்குள் விவாதித்துக்கொண்டார்கள். முத்துக்குளிப்பில் மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும், தன் தங்கை தாலியறுக்க அவன் சம்மதிக்க மாட்டான் என்பது இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்லப்படும் வழக்கு. “மச்சான் புடிச்சிருந்தா இழுத்துருப்பான்” என்றார் ஒருவர். “அறுத்தவன் அவனேதான, மச்சான் என்ன செய்வான்?” என்றார் மற்றவர். செரிசாவாவின் மரணத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில், மேலே கயிறு பிடித்திருந்தவர்களின் பக்கத்திலிருந்து யோசித்ததாக ஒன்றும் நினைவில்லை.

படகைத் தொலைத்தவையும் மீட்டவையும்

1956-இல் இப்படம் அமெரிக்காவுக்குப் போனபோது, ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராக நுழைத்துப் புதிதாக எடுத்த காட்சிகளோடு மறுபடி தைக்கப்பட்டது. மூலத்திலிருந்து நிறைய வெட்டப்பட்டது. அணுச் சூரையைப் பற்றிய ரயில் உரையாடல் போயிற்று, நாடாளுமன்றச் சச்சரவு போயிற்று. உலகின் பெரும்பகுதி முதலில் பார்த்தது இந்தத் தையலைத்தான். மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வர 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காட்ஸில்லா என்றால் அட்டைக் கட்டடங்களை மிதிக்கும் வேடிக்கை என்ற எண்ணம் வேரூன்றியதற்கு இந்த ஐம்பது ஆண்டு இடைவெளி முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஜப்பானியர்கள் அந்தப் படகை மறக்கவில்லை. 1984-இல் வரிசையைப் புதிதாகத் தொடங்கியபோது, முதலில் தாக்கப்படும் மீன்படகுக்கு ‘டாய்கோ யஹாடா மாரு’ என்று பெயர் வைத்தார்கள். ‘டாய்கோ’ என்ற முன்னொட்டு 1954-இன் படகிலிருந்து வந்தது என்பது ஜப்பானியக் காதுக்கு உடனே எட்டும். 2016-இல் வந்த படம், 2011-இன் ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமா அணுவுலை விபத்தும் அரசு இயந்திரத்தின் தடுமாற்றத்தை வெளிக்காட்டிய பிறகு எடுக்கப்பட்டது. டோக்கியோ வளைகுடாவில் ஆளில்லாமல் மிதக்கும் ஒரு படகோடு அது தொடங்குகிறது. படகின் பெயர் ‘குளோரி மாரு’. முதல் படத்தின் ‘எய்கோ’ என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான், புகழ். 2023-இல் வந்த ‘மைனஸ் ஒன்’ இன்னும் ஒரு படி மேலே போய், போர் முடிந்த கையோடு கடலில் மிதக்கும் கண்ணிவெடிகளைச் சிறு மரப்படகில் போய் அகற்றும் நால்வரைக் கதையின் மையத்தில் வைத்தது. இரும்பை உணர்ந்து வெடிக்கும் கண்ணிகளுக்கு மரப்படகுதான் தோது. அடுத்த ஆண்டு சிறந்த தந்திரக் காட்சிகளுக்கான ஆஸ்கர் விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது. ஆனால் அதைப் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருப்பது, அந்த மரப்படகைத் துரத்திவரும் தலையைத்தான்.

என் கருத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1998-இல் வந்த அமெரிக்கப் படமும் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் தாக்கப்படுவதைக் காட்டித்தான் ஆரம்பிக்கிறது. ஆனாலும் ரசிகர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். படகு இருந்தால் போதும் என்பதல்ல என் வாதம். அந்தப் படத்தில் அணுச் சோதனைப் பழி பிரான்சின் தலையில் சுமத்தப்படுகிறது, கப்பலில் பிழைத்த முதியவர் விலங்கின் பெயரை முணுமுணுத்தவுடன் கதை அவரை விட்டுவிடுகிறது, அதன்பின் அவர் வீட்டார் யார் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. 1954-இன் படமோ, பிழைத்துவந்த மீனவன் ஓர் இரவுப் புயலில் தன் வீடு நசுங்கி இறந்தபின்னும், அவன் தம்பியைக் கடைசிக் காட்சிவரை கூட்டிக்கொண்டு போகிறது.

அவிழ்ந்து போன பெயர்

பெயரின் கதை தனி. அது விலங்கை விட்டுக் கழன்று, பெரிதான எதற்கும் ஒட்டும் பின்னொட்டாகிவிட்டது. இணைய உலாவி ஒன்றின் பெயரான ‘மொஸில்லா’, ‘மொசைக்’ என்ற பழைய உலாவியோடு இந்த விலங்கைச் சேர்த்துப் பிறந்தது. 1997-இல் ஒரு தொல்லுயிருக்குக் ‘கோஜிராசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். டோக்கியோவின் ஷிஞ்சுகு பகுதி 2015-இல் விலங்கைத் தன் சிறப்புக் குடியாக அறிவித்து, ஒரு கட்டடத்தின் மேல் அதன் தலையை வைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகலாம். படத்தைப் பற்றி அவை அதிகம் சொல்வதில்லை.

ஒரே ஒரு பயன்பாடு மட்டும் இந்தக் கரையைத் தொடுகிறது. 2015-இல் பசிபிக் கடல் அளவுக்கு மீறிச் சூடேறியபோது, நாசாவின் கடல் ஆய்வாளர் ஒருவர் அதைக் ‘காட்ஸில்லா எல் நீனோ’ என்று அழைத்தார். செய்தித்தாள்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டன. அந்தச் சூட்டின் நீட்சியாக 2016 கோடையில் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளிறி, ஒரு பகுதி மடிந்தது. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த 21 தீவுகளைச் சுற்றித்தான் இங்குள்ள பெண்கள் பாசி எடுத்துவந்திருக்கிறார்கள். பிகினியில் பொடியாகிய பவளத்திலிருந்து பிறந்த ஒரு விலங்கின் பெயர், அறுபது ஆண்டுகள் கழித்து இந்தப் பவளம் வெளிறியதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. பெயர் வைத்தவர் இதை நினைத்திருக்க மாட்டார். “பாறை பூராம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நின்னுச்சு” என்று பாசி எடுக்கும் பெண் ஒருவர் அந்த ஆண்டை நினைவுகூர்ந்தபோது, இரண்டு மணி நேரத்துக்கு முன் பெரியவர் சொன்ன அதே சொல் திரும்ப வந்தது.

கேட்கப்பட்ட கேள்விகள்

படம் முடிந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. சிறுவர்கள் கலைந்தார்கள். விலங்கு மறுபடி வருமா என்று யாரும் கேட்கவில்லை, முதிய விஞ்ஞானி யமானே கடைசி வசனத்தில் அந்த ஐயத்தை எழுப்பியிருந்தும். கேள்விகள் எல்லாம் 23 பேரைப் பற்றியும் படகைப் பற்றியும் இருந்தன.

நட்டஈடு கொடுத்தார்களா என்பது முதல் கேள்வி. 1955 ஜனவரியில் அமெரிக்கா இருபது லட்சம் டாலர் கொடுத்தது, ஆனால் சட்டப்படியான பொறுப்பை ஏற்காமல் கருணைத் தொகையாகக் கொடுத்தது என்றேன். கூட்டத்தில் ஒருவர், அந்தச் சொல் நமக்குத் தெரிந்ததுதான் என்பதுபோல் தலையசைத்தார்.

இன்ஜின் என்னவாயிற்று என்பது அடுத்தது. இதை எந்தத் திரைப்பட ஆய்வாளரும் கேட்டு நான் கண்டதில்லை. நல்லவேளையாக எனக்கு விடை தெரிந்திருந்தது. படகைக் கழுவிச் சுத்தம் செய்து, வேறு பெயரிட்டு, மீன்வளக் கல்லூரியின் பயிற்சிப் படகாக 1967 வரை ஓட்டினார்கள். பிறகு உடைப்பவரிடம் விற்றார்கள். இன்ஜினைக் கழற்றி வேறொரு சரக்குக் கப்பலில் பொருத்தினார்கள், அது 1968-இல் கடலில் மூழ்கியது. உடல் மட்டும் டோக்கியோவின் குப்பை கொட்டும் நிலமான யுமெனோஷிமாவில் கிடந்தது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருவர் நாளிதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து இயக்கம் பிறந்து, 1976-இல் அதே இடத்தில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்ஜினை 1996-இல் கடலடியிலிருந்து தூக்கிக் கொண்டுவந்து படகின் அருகிலேயே வைத்திருக்கிறார்கள்.

“இருவத்தெட்டு வருசம் உப்புத்தண்ணில கெடந்த இன்ஜினையா?” என்று ஒரு படகு டிரைவர் வியந்தார்.

கடைசிக் கேள்வியைக் கேட்டவர், தமிழில் சொல்ல வேண்டாம் என்று முதலில் தடுத்த அதே பெண். மற்ற ஆட்கள் திரும்பத் தொழிலுக்குப் போனார்களா என்று கேட்டார். மதாஷிச்சி ஓயிஷி என்பவரைப் பற்றிச் சொன்னேன். சாம்பல் விழுந்தபோது அவருக்கு இருபது வயது. ஊரார் பார்வைக்கு அஞ்சி யைசுவை விட்டு டோக்கியோவுக்குப் போய், யார் என்று சொல்லாமல் சலவைக் கடை வைத்துப் பிழைத்தார். முதல் குழந்தை இறந்தே பிறந்தது. பல ஆண்டுகள் கழித்துத்தான் வாய் திறந்து, பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். 2021-இல் 87 வயதில் இறந்தார்.

“அப்ப கடலுக்குப் போகல” என்றார் அந்தப் பெண். போகவில்லை என்றேன். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.